சந்தனம் வைக்காத கரும்பலகை

நான் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். பொங்கல், ஆயுத பூஜை, பிறந்தநாள் எதையும் நாங்கள் கொண்டாடுவதில்லை. கிறிஸ்துமஸும் இல்லை என்று சொல்லும்போதுதான் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை ஆன முதல் வருஷம். ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாள். எல்லா வகுப்பிலும் மாவிலைத் தோரணம், வாழைக்கன்று, கரும்பலகையில் சந்தனம் குங்குமம். என் வகுப்பில் மட்டும் "இங்கே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னக் கணக்கு நடத்தினேன். பக்கத்து வகுப்பில் மணி அடித்ததும் பிள்ளைகள் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். மதியம் ஒரு பெண் பையிலிருந்து பொரிப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முடிச்சை இன்னும் இறுக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூஜை செய்ய மாட்டேன் என்பது என் நம்பிக்கை. அந்தப் பிள்ளையின் பொரியை அவிழ்க்கவிடாமல் செய்ய எனக்கு என்ன உரிமை?

தலைமையாசிரியர் கூப்பிட்டார். "சம்பளம் வாங்குறீங்கல்ல டீச்சர், பள்ளிக்கூட வழக்கத்துக்கு ஒத்துப்போங்க. அடுத்த வருஷம் நீங்களே சூடம் காட்டணும்" என்றார். பிள்ளைகள் விஷயத்தில் அவருடைய கோபம் நியாயம். சூடம் விஷயத்தில் இல்லை.

1985 ஜூலையில் கேரளாவில் எங்கள் நம்பிக்கையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அதுதான் குற்றம். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கு இது. நாசிக்கில் பள்ளிப் பிரார்த்தனையின்போது கைகூப்பாத ஆசிரியர் ஒருவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த ஒரு மூத்த சார். அந்த நாசிக் ஆசிரியரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் யாரையும் சம்மதமில்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவிலேயே இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பேசத் தைரியம் வந்தது. ஆனாலும் அந்தக் காகிதத்தை நான் யார் முகத்துக்கு முன்னும் நீட்டவில்லை.

பக்கத்து வகுப்பு அக்காவிடம் போனேன். "என் பிள்ளைங்களுக்கும் சேர்த்து பூஜையைப் பாத்துக்கறீங்களா அக்கா? உங்க மார்க் ரிஜிஸ்டரை நான் போட்டுத் தர்றேன்." "இதுக்குப் போயா இவ்வளவு தயங்குன?" என்றார் அவர். அப்போதிருந்து அதுதான் ஏற்பாடு. முன்பெல்லாம் என்னைப் போன்றவர்கள் அந்த நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒளிந்துகொண்டால் நான் ஏதோ தப்பு செய்வதாகத்தானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

பிறந்தநாள்தான் அடிக்கடி வரும். கலர் டிரஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் டப்பாவோடு மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பாட்டை லீடர் ஆரம்பித்து வைப்பான், நான் பாடுவதில்லை. "சட்டை உனக்கு நல்லா இருக்குடா" என்று சொல்லி சாக்லேட்டை வாங்கிக்கொள்வேன். எங்களில் சிலர் அதையும் வாங்க மாட்டார்கள். அது அவரவர் மனசாட்சி.

இரண்டாம் வருஷம் பூஜை நேரத்தில் நான் வராந்தாவில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் போட்டுக்கொண்டிருந்தேன். என் வகுப்பு முஸ்லிம் பையன் ஒருவன் மெதுவாக வெளியே வந்தான்.

"நானும் இங்க இருக்கலாமா மிஸ்?"

போன வருஷங்களில் எங்கே நின்றான் என்று கேட்டேன். "கடைசி பெஞ்ச்ல, குனிஞ்சுக்குவேன்" என்றான். ஸ்கேலைக் கொடுத்து அடுத்த பக்கத்துக்குக் கோடு போடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அவ்வளவு நேராகப் போட்டான்.

உள்ளே மணி ஓய்ந்ததும் லீடர் இரண்டு பேப்பர் பொட்டலத்தோடு ஓடி வந்தான். பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை.

"மிஸ், இது சாமிக்குப் படைக்கல. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தனியா எடுத்து வெச்சிட்டோம்."