சுகர் 180தானே?

நைட் டியூட்டியில் வயிற்று வலி, வாந்தி என்று ஒரு அம்மா வந்தார். மீட்டரில் 180தான், அதனால் கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டு அனுப்பப் பார்த்தோம், நானும் உடந்தை. ஆனால் மூச்சு மட்டும் ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக, வேகமாக. நெஞ்சில் சளியும் இல்லை. மாத்திரைச் சீட்டைக் கேட்டேன். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. போதாக்குறைக்கு மூன்று நாள் விரதம் வேறு. இரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) 5க்கு மேல், பிஎச் 7.1, அதாவது இரத்தமே ஆபத்தான அளவுக்கு அமிலமாகியிருந்தது.

இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் மீட்டர் நல்ல பிள்ளை மாதிரி காட்டும், உள்ளே அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். 2015லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்த விஷயம்தான். அமிலத்தை நிறுத்த இன்சுலின் வேண்டும், அதில் சுகர் ரொம்ப இறங்கிவிடாமல் இருக்க குளுக்கோஸ் டிரிப்பும் ஆரம்பத்திலேயே ஏற்ற வேண்டும்; "சுகர்காரங்களுக்கு குளுக்கோஸா?" என்று மகன் சண்டைக்கு வந்தது தனிக்கதை.