அஜாக்ஸுக்கு மூன்று

எங்கடை வீட்டில் கல்லரிந்து சூளை வைக்கிறதுதான் தொழில். அதாலேயோ என்னவோ, பழைய கிரேக்கப் பானைகளின் படங்களைப் பார்த்தால் எனக்குக் கதைக்கு முதல் நெருப்புத்தான் தெரியும். அந்தக் கறுப்பு பெயின்ற் இல்லை. களிமண்ணைக் கரைத்துத் தெளியவிட்டு எடுத்த மென்சேற்றால் உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். சூளையில் காற்றை அடைத்துப் புகை கட்டினால் மண்ணிலுள்ள இரும்பு கறுத்துப்போகும். திரும்பக் காற்றை விட்டால் பானை சிவக்கும். சேறு பூசின இடம் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். எங்கடை சூளையில் கல் கறுத்தால் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துப்போடுவார்.

எக்செகியாஸ் என்ற ஏதென்ஸ்காரர் கி.மு. 540–530 அளவில் வனைந்து வரைந்த குடம் ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. ட்ரோய் போருக்குப் போன கிரேக்க வீரர்கள் அக்கிலீசும் அஜாக்சும் குனிந்திருந்து தாயம்மாதிரி ஒன்று விளையாடுகிறார்கள். உடம்பில் கவசம், ஆளுக்கு இரண்டு ஈட்டி தோளில் சாய்ந்தபடி. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவேயில்லை. அஜாக்ஸ் தன்னுடையதைப் பின்னால் கேடயத்தில் வைத்திருக்கிறார். வாயிலிருந்து வருகிறமாதிரி எழுத்து: அக்கிலீசுக்கு நான்கு, அஜாக்ஸுக்கு மூன்று. மேலாடைப் பூவேலையை மயிரிழையாகக் கீறியிருக்கிறார். அந்தப் போரைப் பாடின ஹோமரின் இலியட் காவியத்தில் இப்படியொரு காட்சியே இல்லை.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். துவக்கை மடியில் வைத்துக்கொண்டு தாயம் உருட்டின பெடியளை நாங்கள் கண்டிருக்கிறம். அதில் தோற்றதற்கும் சண்டை பிடிப்பாங்கள்.

பிறகு அக்கிலீஸ் சாகிறார். அஜாக்ஸ் அந்த உடலைச் சுமந்து வருவதையும் எக்செகியாஸ் இன்னொரு குடத்தில் வரைந்தார், அது மியூனிக்கில். செத்தவரின் கவசம் இன்னொரு கிரேக்க வீரரான ஒடிசியசுக்குப் போக, அஜாக்ஸ் தன் வாளிலேயே விழுந்து சாகிறார். வேறு ஓவியர்கள் வாள் ஏறிய உடம்பைக் காட்டினார்கள். பிரான்சின் பூலோனில் இருக்கிற குடத்தில் எக்செகியாஸ் அதற்கு முன்னமே நிறுத்திவிட்டார். அஜாக்ஸ் தனியக் குந்தியிருக்கிறார். பக்கத்தில் கேடயம், ஒரு பனைமாதிரி மரம். வாளின் பிடியை நிலத்தில் ஊன்றி, கன்று நட்டவர் அடிமண்ணை அமத்துவதுபோல கையால் மண்ணை அமத்துகிறார். நெற்றியில் சுருக்கம்.

இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. போர்ப்படம் என்றால் சிதறின உடம்புதான் வேணும் என்று நினைக்கிற எங்கடை ஆக்கள் இதை ஒருக்கால் பார்க்கவேணும்.

ஐரோப்பா போகக் கிடைத்தால் ரோமுக்கு முதல் பூலோனுக்குத்தான் போவன்.