வீட்டை விட்டுக் கிளம்பும் அக்கா, தம்பி: ஒரு குழந்தைகள் படத்தைப் பயண வரிசையிலேயே எடுத்த அனுபவம்

வீட்டில் சொல்லாமல் கிளம்பும் அக்காவும் தம்பியும், பழைய கடித உறை ஒன்றில் இருக்கும் முகவரியை வைத்துக்கொண்டு அத்தையைத் தேடிப் போகிறார்கள். கதைக்குள் நான்கு நாள் பயணம். படப்பிடிப்பு அதைப்போலப் பல மடங்கு நாள் நீளும். அந்த நான்கு நாள் நான்கு நாளாகவே தெரிய வேண்டும் என்பதுதான் இந்த மாதிரிப் படத்தின் மொத்த வேலையும்.

முதலில் தம்பியின் வயதை மாற்றினோம். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் முன்வரிசைப் பால்பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கும். ஏழு வயதுப் பையனை வைத்து ஆரம்பித்தால், ஒரு காட்சியில் பல்லோடும் அடுத்ததில் பொக்கையாகவும் வந்து நிற்பான். எட்டரை, ஒன்பது வயதில் முன்பற்கள் பெரும்பாலும் வந்துவிடும். அடுத்த சுற்று விழுவதற்குக் கொஞ்ச காலம் இருக்கும். அந்த இடைவெளி படப்பிடிப்புக்குத் தோதானது. சின்னவன்தான் வேண்டும் என்றால், பல் மருத்துவரிடம் முன்பே வாய் அளவு கொடுத்துக் கழற்றி மாட்டும் பொய்ப்பல் செய்து வைக்கலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பேசினால் ‘ச’வும் ‘ஸ’வும் குழறும்.

தேர்வின்போது குழந்தைகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பயனில்லை. இருவர் இருவராக உள்ளே விட்டு, வசனம் எதுவும் கொடுக்காமல், ஒரே பையில் இருவர் சாமானையும் அடுக்கச் சொன்னோம். யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் பிடுங்குகிறார்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நிஜ உடன்பிறப்புகள் என்றால் சாயல் தானாக வரும். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் வரும். ஒருவரைப் பாராட்டினால் மற்றவர் வாடிப்போவார். முகச்சாயலை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் உறவைக் காட்டுவது தொடும் விதம்தான். சிநேகிதர்கள் கையைக் கோத்துக்கொள்வார்கள். பொறுப்பான அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடிப்பாள். சாலையைக் கடந்த பிறகும் விட மறந்திருப்பாள்.

வழக்கமாக ஒரே லொகேஷனில் வரும் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுப்பார்கள். செலவு கூடினாலும் நாங்கள் கதை போகும் வரிசையிலேயே ஷெட்யூல் போட்டோம். வெயில் பட்டுக் கறுக்கும் தோலும், கலையும் தலைமுடியும், இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே நாளாக நாளாக வரும் ஒட்டுதலும் அப்போதுதான் கதையோடு சேர்ந்து நகரும். அத்தையாக நடிப்பவரை, கதவு திறக்கும் காட்சி வரை குழந்தைகள் கண்ணில் காட்டவில்லை. அந்த முதல் பார்வை இரண்டாவது டேக்கில் கிடைக்காது. அதனால் இரண்டு கேமரா வைத்தோம்.

உடுப்பை நான்கு நிலையாகப் பிரிக்க வேண்டும்: புதிது, புழுதி படிந்தது, கிழிந்தது, மழையில் நனைந்து காய்ந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ஆளுக்கு இரண்டு ஜோடியும், மழைக்கு மட்டும் மூன்றும் இருக்கட்டும். ஈர உடுப்பில் குழந்தையை அடுத்த டேக் வரை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி, சேர்த்தே துவைக்க வேண்டும்; இல்லையென்றால் சாயம் வெளுப்பதில் வித்தியாசம் தெரியும். அழுக்குக்கு நிஜச் சேறு கூடாது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். டீத்தூள் கொதித்த தண்ணீரில் கறை ஏற்றி, முட்டி, காலர், பைவார் உரசும் தோள் ஆகிய இடங்களில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். காலியான பை நடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சை அடைத்து, அடியில் அரைக் கிலோ எடை வைத்தோம். முகவரி உறையை ஒருமுறை கையால் எழுதி, ஸ்கேன் செய்து அதே தாளில் பல பிரதி எடுத்து, கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்பக் கசக்கி எண் போட்டு வைத்தால் குழப்பம் வராது.

போகும் திசைக்கு ஒரு விதி உண்டு. குழந்தைகள் படம் முழுக்கத் திரையின் இடமிருந்து வலம் போவார்கள். வழி தவறும் இடத்தில் மட்டும் வலமிருந்து இடம். வெளிச்சம் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு ஷாட்டை எதிர்த் திசையில் எடுத்தால், வீட்டுக்கே திரும்புகிறார்கள் போலத் தோன்றும். வேறு வழியே இல்லையென்றால், நடுவில் அவர்கள் கேமராவை நோக்கி நேராக நடந்து வரும் ஷாட் ஒன்றைச் சேர்க்கலாம். கேமராவின் உயரம் குழந்தையின் கண்ணளவு, ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். பெரியவர்கள் பலரும் இடுப்புவரைதான் ஃப்ரேமுக்குள் இருப்பார்கள். யாராவது குனிந்து முகம் காட்டினால் அதற்கே ஒரு மதிப்பு வரும்.

குழந்தைகள் வேலை செய்யும் நேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியாக வேண்டும். படிப்பு, சாப்பாடு, ஓய்வு எல்லாம் போனால் கேமரா முன் நிற்கும் நேரம் சொற்பம். ஆகவே குழந்தையின் க்ளோஸ் அப்பை முதலில் எடுத்துவிட்டு, எதிரில் இருக்கும் பெரியவரின் ஷாட்டைக் குழந்தை போன பிறகு, உதவி இயக்குநரை அந்த இடத்தில் முட்டி போட வைத்து எடுக்கலாம். இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்தோம். சூரியன் குழந்தைகளின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்; வானம் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது; வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறைத்து, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் நிலா வெளிச்சத்தின் நீலம் வரும். டார்ச் அடிக்கும் ஷாட் மட்டும் இப்படிச் சரிப்படாது, பகலில் அதன் ஒளியே தெரியாது. அதைக் கறுப்புத் துணி கட்டிய கூடத்தில் எடுக்க வேண்டும்.

லாரியின் பின்னால் ஒளிந்து போகும் காட்சியில் லாரி ஓடவே வேண்டாம். இரண்டு பேர் கட்டையால் நெம்பி ஆட்ட, இன்னொருவர் விளக்கின் முன்னே இலைக்கொத்தை ஒரே திசையில் நகர்த்தினால் வண்டி ஓடும். தூரத்து ஷாட்டில் சிறிய உடல்வாகுள்ள பெரியவர்களை டூப் போடலாம்.

அழும் காட்சிக்காகக் குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். ‘அம்மா போய்விட்டாள்’ என்று சொல்லி வரவழைக்கும் கண்ணீர் ஒரு ஷாட்டுக்கு உதவும்; அதன்பின் அந்தக் குழந்தை உங்களை நம்பாது. அழுகையை அடக்கும் முகமே போதும், பார்ப்பவர் மீதியை உணர்ந்துகொள்வார்.

குரலைப் பிறகு டப்பிங்கில் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், மைக்கைக் கழற்றுமுன், அங்கேயே வசனத்தை இன்னொரு முறை சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். நடக்கும் மூச்சு, ஓடி நின்ற மூச்சு இரண்டையும் தனியாக வாங்கி வையுங்கள். எடிட்டிங்கில் விட்டுப்போன ஷாட்டுகள் தெரியவந்தால் சில வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். தாமதமானால் கை, கால், முதுகு மட்டும் தெரியும் ஷாட்டுகளே சாத்தியம். முதல் எடிட் பார்த்து முடியும்வரை முடி வெட்டக் கூடாது என்று பெற்றோரிடம் ஒப்பந்தத்தின்போதே சொல்லிவிடுங்கள்.