கொரியன் புல்லில் கோரை: கும்பகோணம் வேலைக்குறிப்பு

ஏப்ரல் 12
கொரியன் புல் போட்ட ஒரு சென்ட் புல்தரை. நேற்றுதான் மிஷின் ஓட்டியது. இன்று காலையில் அங்கங்கே ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டிய மறுநாளே புல்லைத் தாண்டி எழும்பினால் பெரும்பாலும் கோரைதான். பூத்தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டையும் நெருடும்.

வேரோடு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் சல்லிவேர் என்றால் வயலில் விதை விழுந்து முளைக்கிற கோரை, பிடுங்கினால் போயிற்று. கம்பி மாதிரி வேரும் கறுத்த கிழங்கும் சேர்ந்து வந்தால் பிடுங்குவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஏப்ரல் 13
ஓரத்தில் ஒரு சதுர அடி, ஒரு சாண் ஆழம் தோண்டியாயிற்று. மணி கோத்தாற்போல் கிழங்குக்குப் பின் கிழங்கு. நசுக்கினால் நாட்டுமருந்துக் கடை வாசம். குளியல் பொடிக்குக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே கோரைக்கிழங்குதான்.

தொடரில் ஒன்று முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். பிடுங்கும்போது கம்பி அறுந்து அவையும் விழித்துக்கொள்கின்றன. ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் நாலு வருவது இதனால்தான்.

ஏப்ரல் 20
கோரை நாலைந்து இலையில். மருந்துக்கு இதுதான் பக்குவம். விட்டால் புதுக்கிழங்கு கட்டிவிடும். கோரைக்கான களைக்கொல்லி, ஹாலோசல்ஃபுரான் மெத்தில் 75 சதக் குருணை. லேபிளில் கரும்பு போன்ற பயிருக்கு என்றுதான் இருக்கும், ஹெக்டேருக்கு 90 கிராம். சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.36 கிராம். சமையலறைத் தராசில் இது நிற்காது. தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான். நகை நிறுக்கும் தராசில் 3.6 கிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி மட்டும் எடுத்து 2 லிட்டராக்கி, மருந்தை இலையில் ஒட்டவைக்கும் ஒட்டுத்திரவமும் சேர்த்து அடிக்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்துப் பத்து நாள் புல்லைப் பார்ப்பது நல்லது. முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டக்கூடாது. கத்தரி, தக்காளிப் பாத்திப் பக்கம் சாரல் போகக்கூடாது. மீந்ததை வாய்க்காலில் கொட்டவும் கூடாது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேட்டு வருகிறவர்களுக்கு: அது கொரியன் புல்லையும் சேர்த்துக் கொல்லும். பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாகத்தான் பயன்படுத்தலாம் என்று 2022-இல் அரசு உத்தரவும் போட்டது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி மேலே கருக்கும், கிழங்கு அப்படியே கிடக்கும்.

ஏப்ரல் 26
ஒன்றும் ஆகவில்லை போலத்தான் தெரியும். இது மெதுவாக வேலை செய்கிற மருந்து. வாடுவதற்குள் பிடுங்கினால் கிழங்குக்கு இறங்க வேண்டியது கையோடு வந்துவிடும்.

மே 7
குருத்து மஞ்சள், நுனி பழுப்பு. சரியாகப் போகிறது.

மே 10
ஓரத்தில் மருந்து வேண்டாம், கத்திரி வெயிலே போதும். புல்லைப் பெயர்த்து ஒரு அடி கொத்தி, மண்ணைச் சல்லடையில் சலித்து, கிழங்கைச் சிமெண்ட் தளத்தில் பரப்பியாயிற்று. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரிகிறவரை அது உயிரோடுதான் இருக்கிறது. கோடைமழை வந்தால் மூட ஒரு தார்ப்பாய். எருக்குழியில் மட்டும் போடவே கூடாது.

மே 28
பதினேழு இடத்தில் மறுமுளை. உறங்கிக் கிடந்தவை, மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு இலை வந்ததும் அந்த இடங்களுக்கு மட்டும், அதே அளவில் மறுபடி.

ஜூன் 15
மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிற நேரம், பள்ளம் நிரப்ப வண்டல் அடிக்கச் சொல்வார்கள். கோரை வீட்டுக்குள் வருவதே அந்த வண்டியில்தான். இறக்குவதற்கு முன் நாலைந்து இடத்தில் அள்ளிய மண்ணை ஒரு பேசினில் போட்டு, ஈரம் காயாமல் பதினைந்து நாள் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி மாதிரி ஒரு முளை தெரிந்தாலும் அந்த மண் வேண்டாம்.