அம்மாவுக்காக மீதமிருந்த ஐந்து ஸ்தலங்கள்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மாவை வீட்டில் பார்க்க முடியாது. ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாக நின்று தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு மணியடிக்கும் முன்பே கோவிலில் போய் உட்கார்ந்திருப்பார். பதினான்கு ஸ்தலத்துக்கும் முழந்தாளிட்டு எழுவார். மூட்டுவலி வந்த பிறகும் அதை விடவில்லை. 2009-இல் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றிலிருந்து பிழைத்து வந்தபோது, "ஆண்டவர் நடந்த தெருவிலேயே ஒரு தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார். அதைச் செலுத்த முடியாமலேயே 2016-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய சிலுவைப்பாதைப் புத்தகம் என்னிடம் வந்தது. ஆண்டவர் சிலுவையில் உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தின் பக்கத்தில் மட்டும் மெழுகு சொட்டிக் காய்ந்த கறைகள். அந்தப் பக்கத்தில்தான் அவர் அதிக நேரம் நிற்பார்.

2018-இல் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து புனித நாட்டுப் பயணம் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14. சாம்பல் பூசிக்கொண்ட ஐந்தாம் நாள் விமானம் ஏறினோம். கலிலேயா, நாசரேத்து, யோர்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எருசலேமைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு நண்பகலில், ஆண்டவர் அறையப்பட்ட இடமும் அவர் கல்லறையும் உள்ள கல்லறைக் கோவிலைப் பூட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கோவில் சொத்துகளுக்கு வரி விதிக்கும் திட்டத்தையும் கோவில் நிலங்களைப் பற்றிய ஒரு சட்ட முன்வரைவையும் எதிர்த்து, கிரேக்க, அர்மேனிய, கத்தோலிக்கத் தலைவர்கள் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை நண்பகல் எங்களுக்கு விமானம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த தெருவான வியா டொலரோசாவில் சிலுவைப்பாதையைத் தொடங்கினோம். குறுகிய கல்தெரு. இருபுறமும் கடைகள். "சிலுவையைத் தூக்குங்கள், படம் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் கூடவே வந்துகொண்டிருந்தார். நான்காம் ஸ்தலத்தில், தாயும் மகனும் சந்தித்த இடத்தில், வாய்விட்டுப் படிக்க எனக்குக் குரல் வரவில்லை. ஐந்தாம் ஸ்தலத்தில் சுவரில் ஒரு கல் இருக்கிறது. ஆண்டவர் தடுமாறியபோது கை ஊன்றிய கல் என்பார்கள். எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு அது உள்ளங்கை அளவுக்குக் குழிந்து வழவழப்பாகிவிட்டது. அதில் அம்மாவின் புத்தகத்தை வைத்து எடுத்தேன்.

எங்களை அழைத்து வந்த ஏற்பாட்டாளர் மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் ஒரு நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம் எங்களை உட்கார வைத்தவருக்கு, ஏழாம் ஸ்தலத்தில் ஒரு பரலோக மந்திரம் முடியும்வரை நிற்கப் பொறுமை இல்லை. இதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்பது ஸ்தலங்கள் முடிந்தன. மீதி ஐந்தும் கல்லறைக் கோவிலுக்கு உள்ளே. முற்றத்தில் போய் நின்றால் அந்தப் பெரிய மரக்கதவு மூடிக் கிடக்கிறது. எந்தெந்த நாட்டு மக்களோ கதவில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்களோடு வந்திருந்த பங்குக் குரு, எங்கள் சுவாமி, அங்கேயே எங்களை முழந்தாளிடச் சொல்லி மீதி ஐந்தையும் சொல்லி முடித்தார். நானும் சொன்னேன். ஆனால் அம்மாவின் கடன் தீர்ந்ததாக எனக்குப் படவில்லை.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது சுவாமிதான் ஓடி வந்து சொன்னார்: வரித்திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம், விடியற்காலை 4 மணிக்குக் கதவு திறக்கிறதாம். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது என்றார் ஏற்பாட்டாளர். "கால் இருக்கிறதே, நடப்போம்" என்றார் சுவாமி. மூன்று மணிக்குப் பதினொரு பேர் கிளம்பினோம். பழைய நகரின் தமஸ்கு வாசலுக்குள் நுழைந்தபோது கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. எங்கள் காலடிச் சத்தமும் செபமாலை மணிகளின் சத்தமும்தான். குளிர் எலும்புவரை ஏறியது.

அந்தக் கதவின் சாவி பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. தாழ் விலகும் சத்தம் கேட்டதும் முற்றத்தில் இருந்தவர்கள் அப்படியே சிலுவை அடையாளம் வரைந்தார்கள்.

வலப்பக்கம் செங்குத்தான படிகள். ஏறினால், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கல்வாரி. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கிரேக்கர்களின் பீடத்துக்கு அடியில் வெள்ளித் தகடு பதித்த ஒரு துவாரம் இருக்கிறது. குனிந்து, முழந்தாளிட்டு, கையை உள்ளே விட்டேன். பாறை. சில்லென்று, சொரசொரப்பாக இருந்தது. விரல் நுனியில் ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அம்மா கண்ணை மூடி நினைத்துப் பார்த்த இடம் என் கைக்குக் கீழே இருந்தது. மெழுகுக்கறை படிந்த பக்கத்தைத் திறந்தேன். எழுத்து தெரியவில்லை. "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்பது மட்டும் வந்தது. அதையே எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. பின்னால் நின்ற மூதாட்டி ஒருவர் என் தோளைத் தொட்டார். எந்த மொழியோ, ஏதோ சொன்னார். எழுந்து அவருக்கு இடம்விட்டேன்.

அதன்பின் கீழே இறங்கி ஆண்டவரைக் கிடத்திப் பரிமளத் தைலம் பூசியதை நினைவுகூரும் செந்நிறக் கல்லில் நெற்றி வைத்ததும், கல்லறைக்குள் குனிந்து போனதும் ஏதோ கனவுபோல் இருக்கிறது. பகலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும் இடம் அது. அன்று யாரும் எங்களை விரட்டவில்லை. ஆண்டவரே, உமக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! ஞாயிற்றுக்கிழமையே திறந்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக இடிபட்டு வெளியே வந்திருப்பேன். பூட்டி வைத்து அழவிட்டு, பிறகு எனக்கென்று திறந்ததுபோல் திறந்தீரே!

ஏப்ரல் 1 உயிர்ப்புப் பெருவிழா. முந்தின இரவுத் திருவிழிப்பில் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் 2018 என்று கீறி, புது நெருப்பிலிருந்து ஏற்றினார்கள். நாற்பது நாளுக்கும் மேலாகப் பாடாதிருந்த அல்லேலூயா கோவிலை நிறைத்தது. அந்த ஆண்டு மாற்கு நற்செய்தி. விடியற்காலையில் கல்லறைக்கு நடந்த பெண்கள், வாசலில் இருக்கும் கல்லை நமக்கு யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போகும் இடம் வந்தபோது, சுவாமி வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு கணம் கூட்டத்தில் எங்களைத் தேடினார். நான் கையிலிருந்த அம்மாவின் புத்தகத்தை உயர்த்திக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசித்தார்.