‘ஆக’ படுத்தும் பாடு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உதவும்போதெல்லாம், கோடிட்ட இடத்திற்குரிய சொல்லின் பொருளை நன்கறிந்தவர்களே அதன் வடிவத்தில் தடுமாறுவதைக் காண்கிறேன். பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி என்ற வரிசை நமக்கு அந்நியமன்று. அழகு, அழகான, அழகாக என்று நாள்தோறும் பேசுவதுதான். சிக்கல் ‘ஆக’வில் இருக்கிறது. ‘அழகாகப் பாடினாள்’, ‘அழகாக இருக்கிறாள்’ என இரண்டிலும் நாம் ஒரே வடிவத்தை வைக்கிறோம். ஆங்கிலமோ, பாடிய விதத்தைச் சொல்லும் முன்னதற்கு பியூட்டிஃபுல்லியையும், ‘இஸ்’, ‘லுக்ஸ்’, ‘சீம்ஸ்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் எழுவாயையே வருணிப்பதால் பியூட்டிஃபுல்லையும் கேட்கிறது. ‘லி’ என்று முடிந்தாலே வினையடை என்று நம்பவும் முடியாது: ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை. கடுமையாக உழைத்தவரை ‘ஹார்ட்லி வொர்க்ட்’ என்று எழுதிவிட்டாலோ, அவர் ஏறக்குறைய உழைக்கவே இல்லை என்றாகிவிடும்.