வதந்தி சரிபார்க்கும் எங்கள் குழுவுக்கு நடத்தை நெறி எழுதிய அனுபவம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்த கையோடு அடுத்தவருக்குத் தட்டிவிடுவதில் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனையாவது இடம் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் அதிலும் பின்தங்கியிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். இப்படிப் பரவும் செய்திகளில் மெய் எது, பொய் எது என்று பார்த்துச் சொல்வதற்காகக் குளச்சல், முட்டம், தக்கலை, குழித்துறை, நாகர்கோவில் பகுதிகளைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி நடத்திவரும் தன்னார்வக் குழுவில் நானும் ஒருத்தி. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் இதில் உண்டு. பழைய படம் ஒன்றைத் தேடி அது எடுக்கப்பட்ட ஊரைக் கண்டுபிடிக்கும் வித்தை எங்களுக்கு விரைவாகவே கைவந்தது. ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது என்பதற்கு எழுதப்பட்ட நெறி ஒன்று வேண்டும் என்ற நிலை வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அந்த நெறியை உருவாக்கி, குழுவின் ஒப்புதலைப் பெற்று, முதல் புகாரை விசாரித்து முடித்தது வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

காரணமாக அமைந்தது ஒரு கள்ளக்கடல் எச்சரிக்கை. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, ஆனால் கடல் திடீரென ஊருக்குள் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபின் கள்ளக்கடல் என்ற பெயர் கடற்கரைக்கு வெளியிலும் பரவலாகத் தெரியவந்தது. அதற்குப் பிந்தைய ஒரு மாலையில், வேறு நாட்டில் எடுக்கப்பட்ட பழைய சுனாமிக் காணொலியோடு சேர்த்து ‘நாளை கள்ளக்கடல், கரைக்குப் போகாதீர்கள்’ என்ற செய்தி எங்களிடம் சரிபார்க்க வந்தது. காணொலி பழையது என்பதை ஒரு மாணவர் நொடியில் கண்டுபிடித்து, செய்தி முழுவதன் மீதும் சிவப்பு எழுத்தில் ‘போலி’ என்று முத்திரையிட்டுப் பகிர்ந்துவிட்டார். வள்ளத்தில் தொழில் செய்யும் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே குரல்பதிவு அனுப்பினார்: காணொலி பொய்யாக இருக்கலாம், எச்சரிக்கை பொய்யில்லை, கடலின் இழுப்பு காலையிலிருந்தே மாறியிருக்கிறது, ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள் என்றார். அதற்கு அந்த மாணவர் எழுதிய பதில், “கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வானிலை நிபுணர்கள் ஆகிவிட முடியாது.” சிலர் சிரிப்புக் குறி போட்டார்கள். பெரியவர் மறுபேச்சு பேசாமல் குழுவை விட்டு விலகினார்.

மையத்தின் அறிவிப்பு உண்மையாகவே இருந்தது. அதை நாங்கள் தேடிப் படித்து, முத்திரையை நீக்கி, திருத்தம் வெளியிடுவதற்குள் இரவாகிவிட்டது. மறுநாள் சில ஊர்களில் அலை சாலை வரை ஏறியது. யாருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனாலும் மரியாதை என்பதை நாகரிகம் சார்ந்த விஷயமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அது சரிபார்ப்பு வேலையின் ஒரு பகுதி என்பது அன்றைக்கு விளங்கியது. விவரம் அறிந்த ஒரே ஆள் அவமானப்பட்டு வெளியேறும் குழுவில் தவறு திருந்துவதற்கு வழியே இல்லை.

நெறி எழுத வேண்டும் என்று சொன்னபோது எதிர்ப்பும் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “மரியாதை வீட்டில் படிக்க வேண்டியது, அதற்குப் போய் சட்டம் எழுதுவதா?” என்று கேட்டார். அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், குழுவிலிருந்து ஓசையில்லாமல் விலகிய பெண்களை நானும் ஒரு செவிலியரும் தனித்தனியே அழைத்துப் பேசினோம். ஒருவரிடம் ஆதாரம் கேட்கும் சாக்கில் நள்ளிரவில் அழைப்புகள் வந்திருக்கின்றன. இன்னொருவருக்குத் தினமும் பூப்படத்தோடு ‘குட் நைட்’. மற்றொருவர் இரண்டு மணி நேரம் தேடிக் கொடுத்த ஆதாரத்தை, அவர் பெயரைக்கூடச் சொல்லாமல், ஓர் ஆண் தன் கண்டுபிடிப்பாக எழுதியிருக்கிறார். பெயர்களை விட்டுவிட்டு இவற்றைக் கூட்டத்தில் படித்தபோது தலைமையாசிரியர் வெகுநேரம் பேசவில்லை; பிறகு, வரைவைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய சிவப்பு மையில் என் ஒற்றுப்பிழைகள் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை.

வெறும் கையோடு எழுத உட்காரவில்லை. பன்னாட்டு உண்மைச் சரிபார்ப்பு வலையமைப்பு 2016இல் வெளியிட்ட கொள்கைகளைப் படித்தோம். சார்பின்மை, ஆதாரங்களையும் பண வரவையும் வேலை முறையையும் வெளிப்படையாக வைத்தல், தவறைத் திறந்த மனத்தோடு திருத்துதல் ஆகியவை அதன் சாரம். செய்தியை எப்படி அணுகுவது என்பதற்கு அதில் வழி இருந்தது, சக உறுப்பினரை எப்படி அணுகுவது என்பதற்கு அதிகம் இல்லை. விக்கிப்பீடியா முதலிய திட்டங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட பொது நடத்தை நெறி அந்தக் குறையைத் தீர்த்தது. எதிராளி நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வது, ஒருவர் தம்மை எந்தப் பெயரால் அழைக்கச் சொல்கிறாரோ அந்தப் பெயரால் அழைப்பது, அனுபவத்தையும் பதவியையும் காட்டி அடக்காதிருப்பது ஆகியவற்றை அதிலிருந்து எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் வழக்குக்கு ஏற்ப மாற்றி எழுதினேன்.

அந்த மாற்றத்தில்தான் கூட்டங்கள் நீண்டன. தக்கலையில் உறுப்பினர் ஒருவருடைய தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் கூடினோம். கூட்டாளிகளை ‘லே’ போட்டுப் பேசுவது எங்கள் மாவட்டத்தில் பிரியத்தின் அடையாளம். அதை எழுத்தில் படிக்கும் மூன்றாம் ஆளுக்கு அது அப்படித் தோன்றாது. ஆகவே குழுவுக்குள் வயது பாராமல் எல்லாரும் எல்லாரையும் ‘நீங்கள்’ என்றே எழுதுவது என முடிவானது. இளைஞர்களைவிடப் பெரியவர்களுக்குத்தான் இது சிரமமாக இருந்தது. தம்மிடம் படித்த பையனை எப்படி ‘நீங்கள்’ என்பது என்று தலைமையாசிரியர் தயங்கினார். இன்று அவர் ‘தம்பி, நீங்கள்’ என்று தொடங்குகிறார்.

அதிக நேரம் எடுத்தது, பொய்ச் செய்தியைப் பகிர்ந்தவரிடம் எப்படிப் பேசுவது என்ற பகுதி. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் 2018இல் இந்தியாவின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதே வதந்தி, வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் படத்தோடு, கடற்கரை ஊர் ஒன்றின் அன்பியத்து (தேவாலயப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பயந்த ஒரு பாட்டி. எங்கள் உறுப்பினர் ஒருவர் அவருடைய பெயரும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘இவர்களைச் சைபர் கிரைமில் பிடித்துக் கொடுக்க வேண்டும்’ என்ற வரியோடு பரப்பினார். அந்தப் பாட்டி பிறகு எந்தச் செய்தியையும் எங்களிடம் காட்டவில்லை. பகிர்வதை நிறுத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது; எங்கள் கண்ணில் படாமல் பகிரத் தொடங்கியிருப்பார் என்பதே என் கணிப்பு.

இதற்கு எழுதிய விதி இப்படி அமைந்தது: முதலில் தனியே சொல்ல வேண்டும்; குழுவில் திருத்தம் போட வேண்டிய அவசரம் இருந்தால், அனுப்பியவரின் பெயர், எண், படம் மூன்றையும் மறைக்க வேண்டும்; வதந்தியில் குற்றவாளியாகக் காட்டப்பட்டவரின் முகத்தையும், அவர் நிரபராதி என்று சொல்லும்போதுகூட, மறைத்தே போட வேண்டும்; காவல் துறையைக் காட்டி மிரட்டக் கூடாது. விதியோடு மாதிரிப் பதில் ஒன்றையும் இணைத்தோம்: “அம்மா, பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில் அனுப்பியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. இந்தப் படம் வேறு மாநிலத்தில் முன்பே வெளிவந்தது. நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நீங்கள் அனுப்பிய இடத்திலேயே இதையும் அனுப்பினால் மற்றவர்களின் பயமும் தீரும்.” கடைசி வரியைச் சேர்த்தவர் ஒரு கல்லூரி மாணவி. பகிர்ந்தவரையே திருத்துபவராக ஆக்கும் அந்த வரிக்குக் கிடைக்கும் பலன் என் நீண்ட விளக்கங்களுக்குக் கிடைத்ததில்லை.

மதம் பற்றிய விதியை எழுதும்போது எல்லாரும் கவனமாகப் பேசினார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சம அளவில் வாழும் மாவட்டம் இது; 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். கைப்பேசி இல்லாத அந்தக் காலத்திலும் சேதி ஊருக்கு ஊர் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். மதமோ சாதியோ சம்பந்தப்பட்ட செய்தியை, அதில் குற்றம் சாட்டப்பட்ட தரப்பைச் சேர்ந்த ஒருவரும் சேராத ஒருவரும் சேர்ந்து பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இதனால் சில திருத்தங்கள் தாமதமாகின்றன என்பது உண்மை. அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. மாணவர்களில் பலர் இதில் என்னோடு உடன்படவில்லை.

விதியை எழுதுவது எளிது, புகாரை யார் கேட்பது என்பதுதான் சிக்கல். இம்மாவட்டத்தில் இரண்டு பேர் பத்து நிமிடம் பேசினால் ஏதோ ஒரு உறவுமுறை வந்துவிடும். மூவர் கொண்ட விசாரணைக் குழுவில் ஒருவராவது பெண்ணாகவும் ஒருவராவது கடற்கரை ஊரைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். புகாரில் உள்ளவரின் உறவினரோ ஒரே ஊர்க்காரரோ அந்த விசாரணையில் உட்காரக் கூடாது. அட்மின்மீது புகார் வந்தால் அவருடைய அதிகாரம் விசாரணை முடியும்வரை நிறுத்தப்படும். முதல் தவறுக்குத் தனியே பேசுவது, அடுத்து சில காலம் எழுதாமல் நிறுத்துவது, பெண்களைத் தொந்தரவு செய்தாலோ எவரையும் மிரட்டினாலோ நேராக நீக்குவது எனப் படிகள் வைத்தோம்.

நெறி ஏற்கப்பட்டதும் தலைமையாசிரியரும் நானும் கடற்கரைப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று அச்சிட்ட பிரதியைக் கொடுத்தோம். முழுவதும் படித்துவிட்டு, “நீங்கள் எழுதினது சரிதான், அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?” என்று மட்டும் கேட்டார். மாணவர் பிறகு தாமே போய்ப் பார்த்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை இருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது கடல் சம்பந்தமான எந்தச் செய்தியும் பெரியவர் பார்க்காமல் வெளியே போவதில்லை.

முதல் புகார், நாங்கள் எதிர்பாராத வகையில், நெடுநாள் உழைத்த மூத்த அட்மின் ஒருவர்மீதே வந்தது. மாற்றுக் கருத்துச் சொன்னவரை, கட்சிக்காரர் என்று பட்டம் கட்டி நீக்கியிருந்தார். அவருடைய உழைப்பைப் பார்த்து விட்டுவிடலாம் என்று பலர் சொன்னபோதும், விசாரணைக் குழு அவருடைய அதிகாரத்தை ஒரு மாதம் நிறுத்தியது; நீக்கப்பட்டவர் திரும்ப அழைக்கப்பட்டார். அட்மின் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தோம், போகவில்லை. மன்னிப்பைத் தனியே கேட்டால் போதுமா, நீக்கியது எல்லார் முன்னிலையிலும் என்பதால் மன்னிப்பும் அங்கேயே கேட்க வேண்டுமா என்பதில் மட்டும் குழு இரண்டாகப் பிரிந்தது. எல்லார் முன்னிலையிலும் கேட்பதே முறை என்று நான் வாதிட்டேன். தனியே சொல்வதுதான் நம் விதியின் அடிப்படை, அது உறுப்பினருக்கும் பொருந்த வேண்டும் என்று தலைமையாசிரியர் வாதிட்டார். நெறியில் மன்னிப்பு பற்றிய அந்தப் பகுதி இன்னும் எழுதி முடிக்கப்படாமல் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.